எம்50க்கு இனியும் லென்ஸ் வாங்கலாமோ? சிக்மா, வில்ட்ரொக்ஸ், இல்லாட்டி அடப்டர்

#1 · உப்புக்காத்து · வெள்ளவத்தை

எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது கெனன் எம்50 கமரா. 2019ல வாங்கினது. அதோட வந்த 15-45 மிமீ லென்ஸும் பிறகு வாங்கின 22 மிமீ எஃப்2 லென்ஸும்தான் என்ட சொத்து (எஃப் எண் சின்னனா இருந்தா வெளிச்சம் கூட உள்ள வரும்). சொந்தக்காரரின்ட பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாண எழுத்து எண்டு படம் எடுத்துக் குடுக்கிறனான். தொழில் இல்லை. ஆனா ஆரும் காசு நீட்டினா கையை மடக்கமாட்டன்.

வாற மாசம் மச்சாளுக்குக் கலியாணம். ஐயரின்ட தோளுக்கு மேலால எட்டிப் பாக்காம, கொஞ்சம் தள்ளி நிண்டு முகத்தை வடிவா எடுக்க ஒரு லென்ஸ் வேணும். ஒரு ஆள் சிக்மா 56 எஃப்1.4 பாவிச்சதை விக்கிறார். வில்ட்ரொக்ஸ் 56உம் பாத்தன், அது மலிவு. ரெண்டும் கெனன் இல்லை, வேற கம்பெனி.

என்ட பயம் என்னெண்டா, எம்50இல லென்ஸ் பூட்டுற இந்த ஈஎஃப்-எம் மவுண்டைக் கெனன் 2023ல கைவிட்டிட்டுது. இடிக்கப்போற வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற வேலையோ இது? கெனனே இல்லையெண்டான பிறகு வெளி ஆக்கள் செய்த லென்ஸுக்கு ஆர் பொறுப்பு? பழுதானா எங்க குடுக்கிறது? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

#2 · ஐஎஸ்ஓ_அம்மாச்சி · தெகிவளை

வித்துப்போட்டு சொனி எடுங்கோ. முடிஞ்சுது கதை.

#3 · உப்புக்காத்து

அண்ணை, விக்கிறது சுகம். வித்த காசில சொனியின்ட மூடிதான் வரும். 2022ல டொலர் 200ல இருந்து 350 தாண்டினதில இருந்து புதுக் கமராக் கடைப்பக்கம் நான் போறதே இல்லை. லென்ஸுக்கெண்டு ஒரு லட்சத்துக்குள்ளதான் ஒதுக்கி வச்சிருக்கிறன்.

#4 · பழைய லீக்கா ஆசை · கொட்டாஞ்சேனை

தம்பி, முதலில் கணக்கைப் பார்ப்போம், பிறகு பயப்படுவோம்.

ஈஎஃப்-எம் 2012இல் முதலாவது ஈஓஎஸ் எம் கமராவோடு வந்தது. பத்து வருடத்துக்கு மேல் விற்ற மவுண்டுக்குக் கெனன் தானாகச் செய்து தந்தது மொத்தம் எட்டு லென்ஸ். எட்டே எட்டு. அதில் பெரிய துவாரம் உள்ளவை 22 எஃப்2உம், 2018இல் வந்த 32 எஃப்1.4உம் மட்டும். நீங்கள் தேடுகிற முகப்பட லென்ஸைக் கெனன் இந்த மவுண்டுக்குச் செய்யவே இல்லை. ஆகவே "வெளி ஆட்களை நம்பலாமா" என்ற கேள்வி 2023இல் பிறந்ததல்ல. இந்த மவுண்டில் அது முதல் நாளிலிருந்தே இருந்தது. 2014இல் டம்ரொன் 18-200 கொண்டு வந்தார்கள். 2019இல் சிக்மா 16, 30, 56 மூன்றையும் எஃப்1.4இல் இறக்கினார்கள். அதன் பின்னர் வில்ட்ரொக்ஸ் 23, 33, 56. எம்50 இவ்வளவு காலம் ஓடியதற்குப் பாதிக் காரணம் இவர்கள்தான்.

நிக்கொன் 1 கமரா வைத்திருந்த என் நண்பர் ஒருவரின் நிலைமையைப் பார்த்தால் நீங்கள் அழமாட்டீர்கள். அந்த மவுண்டுக்கு வெளியாள் எவரும் பெரிதாக எட்டிப் பார்க்கவில்லை. 2018இல் அது நின்றபோது பெட்டியில் என்ன இருந்ததோ அதுதான்.

#5 · ஐஎஸ்ஓ_அம்மாச்சி

ஐயா வரலாறு நல்லாச் சொல்லுவார். ஆனா தம்பி ரெண்டு வருசத்தில கமரா மாத்தினா அந்த 56 என்ன செய்யும்? ஷோகேசில வைக்கிறதோ? கெனனின்ட ஆர்50 கமரா வாங்கினா அதில போடேலுமோ?

#6 · பழைய லீக்கா ஆசை

அது நியாயமான கேள்வி. போட முடியாது. என்றைக்கும் முடியாது.

மவுண்டின் முகத்திலிருந்து சென்சருக்கு உள்ள தூரம் ஈஎஃப்-எம்மில் 18 மிமீ, ஆர்50இன் ஆர்எஃப் மவுண்டில் 20 மிமீ. 18இல் நிற்க வேண்டிய லென்ஸ் ஆர்எஃப் கமராவில் எப்படியும் 20இல்தான் நிற்கும், தூரத்துப் பொருள் கூர்மையாகாது. அதைச் சரிசெய்ய இடையில் பூட்டுகிற அடப்டரின் தடிப்பு மைனஸ் 2 மிமீ ஆக இருக்க வேண்டும். அப்படியொன்றைக் கடைய எந்த லேத்திலும் முடியாது. சொனி ஈ மவுண்டும் அதே 18தான், அங்கேயும் இடமில்லை.

கெனனின் பழைய, பெரிய கமராக்களுக்கான ஈஎஃப் லென்ஸ் அப்படியல்ல. அதன் தூரம் 44 மிமீ. எம்50இல் 26 மிமீ அடப்டர், நாளைக்கு ஆர்50 வாங்கினால் 24 மிமீ அடப்டர். லென்ஸ் அதேதான். இடையில் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் குழாயும் மின்தொடுப்புகளும். ஒட்டோ போக்கஸ், துவாரம் எல்லாம் வேலை செய்யும். 1987இல் தொடங்கிய அதே மொழியைத்தான் ஈஎஃப்-எம்மும் பேசுகிறது.

ஆகையால் என் யோசனை: ஈஎஃப் 50 எஃப்1.8 எஸ்டிஎம். 2015இல் வந்தது, 160 கிராம். எம்50இன் சிறிய சென்சரில் 80 மிமீ போலத் தெரியும், முகத்துக்கு அருமை. பாவித்தது எங்கும் கிடைக்கும். கமரா மாறினாலும் உங்களோடு வரும்.

#7 · லயத்துக்கிளி · ஹட்டன், இப்ப கொழும்பு 6

ஐயா சொல்றது சரிங்க. ஆனா அடப்டர் போட்டா எம்50க்கு மூக்கு நீண்டுருது. அந்தக் கேமராவை நான் வாங்கினதே கைப்பையில போட்டுட்டுப் போலாம்னுதான். 22 எஃப்2 வெறும் 105 கிராம். வேலைக்குப் போற வழியில புறக்கோட்டையில நாட்டாமைங்க மூட்டை ஏத்துறதை எடுக்கும்போது ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. பெரிய லென்ஸை நீட்டினா "எந்தப் பத்திரிகை"ன்னு கேப்பாங்க.

நான் ஒரு சீன மேனுவல் லென்ஸும் வச்சிருக்கேன். அதுல எலக்ட்ரோனிக்ஸே கிடையாது, மோட்டார் கிடையாது, உள்ள ஓடுற மென்பொருள், அதாவது பேம்வெயார் கிடையாது. கம்பெனி இருந்தா என்ன மூடினா என்ன. மெனுவுல "லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விடு"ங்கிறதை மட்டும் ஓன் பண்ணணும், இல்லேன்னா கேமரா படமே எடுக்காது. முதல் நாள் அது தெரியாம அரை மணி நேரம் காலிமுகத்திடல்ல நின்னு திட்டிட்டிருந்தேன். போக்கஸ் பீக்கிங் ஓன் பண்ணா விளிம்பெல்லாம் கலர்ல மின்னும், அதைப் பார்த்துத் திருக வேண்டியதுதான். கல்யாணத்துக்குச் சரிவராதுங்க, தாலி கட்டுற நேரம் நமக்காகக் காத்திருக்காது. ஆனா கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசர் கோயில் வெளிப்பிரகாரத்துல, கருங்கல்லுல சாயங்கால வெளிச்சம் விழும்போது, அவசரமே இல்லாம திருகுறதுல ஒரு சுகம் இருக்கு.

#8 · உப்புக்காத்து

தங்கச்சி, மேனுவல் எனக்குச் சரிவராது. என்ட கை நடுங்கும், மாமி பின்னால நிண்டு "என்னை எடுத்தனியோ" எண்டு கேப்பா.

ஐயா, 50 எஃப்1.8க்கும் 56 எஃப்1.4க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுமோ? மண்டபத்தில மஞ்சள் பல்பும் வெள்ளை எல்இடியும் கலந்த வெளிச்சம்தான்.

#9 · பழைய லீக்கா ஆசை

தெரியும். எஃப்1.8இலிருந்து எஃப்1.4க்கு முக்கால் ஸ்டொப் அளவில் வெளிச்சம் கூடும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). எம்50 உடம்பில் அதிர்வுத் தடுப்பு இல்லை, இந்த இரண்டு லென்ஸிலும் இல்லை. அதனால் ஷட்டர் வேகம் ஒரு செக்கனில் 125இல் ஒன்றுக்குக் கீழே இறங்க வேண்டாம். அப்படி நிற்கும்போது முக்கால் ஸ்டொப் என்பது ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன், கூடினால் படம் புள்ளியடிக்கும்) 3200க்கும் 2000க்கும் உள்ள வித்தியாசம். சிக்மாவின் 56 எஃப்1.4இலேயே கூர்மையாக இருக்கும், இதை நான் மறுக்கவில்லை. படத்துக்கு மட்டும் மார்க் போட்டால் சிக்மாதான் முதல்.

#10 · திருகாணி · புறக்கோட்டை

தம்பி, எல்லாரும் மவுண்டு மவுண்டுண்டு பேசுறீங்க. நான் இருவது வருசமா லென்ஸ் தெறந்து பாக்குறவன். கொழும்புல லென்ஸ் சாகுறது மவுண்டால இல்ல, பூஞ்சையால.

வெள்ளவத்தையில கடலுக்கு இந்தப் பக்கம் வீடு எண்டா சொல்லத் தேவல்ல. உப்பும் ஈரமும். லெதர் பைக்குள்ள போட்டு அலுமாரில வச்சா ரெண்டு மழைக்காலம் போதும், கண்ணாடி ஓரத்துல சிலந்தி வலை மாதிரி வெள்ளையா ஓடும். முன் கண்ணாடி எண்டா தொடச்சிக் குடுப்பேன். நடுவுல ரெண்டு கண்ணாடி ஒட்டியிருக்கிற எடத்துல போச்செண்டா நானும் கையெடுத்துக் கும்பிட வேண்டியதுதான்.

பொறுப்பு ஆரு எண்டு கேட்டீங்களே. கம்பெனி லென்ஸா வெளி லென்ஸா, பழசானா பார்ட்ஸ் தேடுறது ஒரே கஷ்டம்தான். நாங்க செய்றது செத்த லென்ஸ்ல இருந்து கழட்டி உயிருள்ளதுக்குப் போடுறது. அதுக்கு ஊருல நிறையச் செத்த லென்ஸ் கெடக்கணும். கெனன் 50 எஃப்1.8 எண்டா எங்கிட்ட ஒரு டப்பா நிறைய ஈக்கி. ஈஎஃப்-எம் மவுண்டுல சிக்மா 56 எண்டா ஒண்டும் இல்ல. சொனிக்கு வந்த சிக்மா 56உம் கண்ணாடி அமைப்புல இதேதான், ஆனா மவுண்டும் சர்க்கிட் போர்டும் வேற. போர்டு போச்செண்டா போச்சு.

பாவிச்சது வாங்கப் போறீங்க எண்டா போன் டோர்ச் கொண்டு போங்க. லென்ஸக் கழட்டி, பின்பக்கத்தால டோர்ச்ச அடிச்சி, முன்பக்கத்தால சாய்ச்சிப் பாருங்க. நேரா பாத்தா ஒண்டும் தெரியாது, சாய்ச்சித்தான் பாக்கணும். தூசி எண்டா புள்ளி புள்ளியா ஈக்கும், பரவால்ல. நூல் மாதிரி கெளை விட்டு ஓடினா வேணாம். பொறகு உங்க சொந்தக் கமராவுல போட்டுப் பாருங்க, விக்கிறவர்ர கமராவுல இல்ல. கிட்டப் பொருள், தூரப் பொருள் மாத்தி மாத்தி போக்கஸ் அடிங்க. கமராவ தூங்க விட்டு எழுப்பிப் பாருங்க. கொஞ்சம் ஆட வச்சிக் கொண்டே எடுங்க. போர்டுக்குப் போற ரிப்பன் வெடிச்சிருந்தா அப்பத்தான் காட்டிக் குடுக்கும்.

#11 · ஐஎஸ்ஓ_அம்மாச்சி

திருகாணி நானா சொன்னதுக்குப் பிறகு நான் சொனி எண்டு சொல்லேலாது, என்ட சொனி லென்ஸிலயும் பூஞ்சை.

அரிசி வாளிக்குள்ள வச்சா ஈரம் இழுக்கும் எண்டு மனுசி சொல்லுறா. உண்மையோ?

#12 · திருகாணி

வேணாம் அண்ணை. அரிசித் தூசி போக்கஸ் வளையத்துக்குள்ள போய் நிக்கும். காத்துப் போகாத பிளாஸ்டிக் பெட்டி, உள்ள சிலிக்கா ஜெல், ஈரப்பத மீற்றர் ஏதும் கெடைச்சா அதையும் போடுங்க. 40க்கும் 50க்கும் நடுவுல நிண்டா சரி. முள்ளு 60 தாண்டினா ஜெல்லைக் காய வைங்க. மிச்சம் காயவும் விடக் கூடாது. கிழமைக்கு ஒருக்கா வெளிய எடுத்துப் படம் எடுங்க, அதவிட நல்ல மருந்து இல்ல.

#13 · சரம்_தப்பியவன் · பம்பலப்பிட்டி

நான் மென்பொருள் ஆள். வேற ஒரு கோணம் சொல்லுறன்.

வெளி ஆக்கள் கெனனின்ட மொழியைக் கேட்டுப் பழகினவை, கெனன் புத்தகம் குடுத்துப் படிப்பிச்சதில்லை. சில லென்ஸ் கமராவுக்குப் பொய் அடையாளம் சொல்லும், "நான் இன்ன கெனன் லென்ஸ்" எண்டு. கமராவும் நம்பி அந்த லென்ஸுக்கான மூலை வெளிச்சத் திருத்தத்தை இதுக்குப் போட்டிடும். படத்தில வளையம் வளையமா வந்தா லென்ஸில பிழை எண்டு பதறாம மெனுவில லென்ஸ் திருத்தம் எல்லாத்தையும் நிப்பாட்டிப் பாருங்கோ.

இப்படிப் பழகின மொழிக்கு உயிருள்ள கமராதான் எதிரி. படச்சுருள் காலத்து வெளி லென்ஸ் எத்தினையோ கெனன் டிஜிட்டல் கமரா வந்தவுடனே "எர்ர் 99" எண்டு பிழை காட்டிக் கொண்டு படுத்தது இதாலதான். லென்ஸ் மாறேல்லை, கமரா மாறிப்போச்சு. எம்50 இனி மாறாது. அதுக்கெண்டு புது உடம்பும் வராது. இண்டைக்கு உங்கட எம்50இல ஓடுற சிக்மா, வில்ட்ரொக்ஸ் லென்ஸைக் கமராப் பக்கத்தால இனி ஒருத்தரும் குழப்பேலாது. செத்த சிஸ்டம் எண்டு பயப்பிடுறியள். மூன்றாம் தரப்பு லென்ஸுக்குச் செத்த சிஸ்டம் மாதிரிப் பாதுகாப்பான இடம் வேற இல்லை.

ஒரு வேலை மட்டும் இப்பவே செய்யுங்கோ. வில்ட்ரொக்ஸின்ட மவுண்டுப் பக்கத்திலேயே யூஎஸ்பி ஓட்டை இருக்கு, கேபிள் குத்தி பேம்வெயார் மாத்தலாம். சிக்மாவுக்கு யூடி-11 எண்டு தனி டொக் வேணும், ஈஎஃப்-எம் மவுண்டுக்கு உரியது. எது வாங்கினாலும் கடைசி பேம்வெயார் கோப்பை இறக்கி ரெண்டு இடத்தில சேமிச்சு வையுங்கோ. கமரா மாறாது, ஆனா அந்த இணையப் பக்கம் ஒரு நாள் இல்லாமப் போகும்.

#14 · பழைய லீக்கா ஆசை

இது நான் யோசிக்காத கோணம். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உயிருள்ள பக்கத்தின் அழகையும் பாருங்கள். ஆர்எஃப்புக்கு ஒட்டோ போக்கஸ் லென்ஸ் விற்றுக் கொண்டிருந்த வில்ட்ரொக்ஸைக் கெனன் 2022இல் நிறுத்தச் சொன்னது. 2024 ஏப்ரலில்தான் கதவைக் கொஞ்சம் திறந்து, சிக்மாவுக்கும் டம்ரொனுக்கும் அனுமதி கொடுத்தது. அதுவும் எம்50 போன்ற சிறிய சென்சர் கமராக்களுக்கான ஏபிஎஸ்-சி லென்ஸுக்கு. ஈஎஃப்-எம்மில் 2019இலேயே இருந்த அதே 16, 30, 56 எஃப்1.4, ஐந்து வருடம் கழித்து ஆர்எஃப்புக்குப் "புதிதாக" வந்தது. கைவிடப்பட்ட மவுண்டுக்காரர்கள் இந்த விஷயத்தில் மூத்தவர்கள்.

#15 · ஐஎஸ்ஓ_அம்மாச்சி

அப்ப ஐயா இப்ப 56 பக்கமோ 50 பக்கமோ? கட்சி மாறினியளோ?

#16 · பழைய லீக்கா ஆசை

50 பக்கம்தான். தம்பி எம்50ஐ இன்னும் ஐந்து வருடம் வைத்திருப்பேன் என்றால் 56. ரெண்டு வருடத்தில் மாற்றுவேன் என்றால் 50. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

#17 · லயத்துக்கிளி

அவரு மாத்துவாருங்க. "காசு தந்தா கையை மடக்கமாட்டேன்"னு எழுதினவரு ரெண்டு கல்யாணம் எடுத்தா புதுக் கேமராதான் பார்ப்பாரு. ஒண்ணு சொல்லணும், அந்த மண்டபத்துல வீடியோவும் கேப்பாங்க. எம்50ல 4கே போட்டா படம் இன்னும் வெட்டிரும், நல்ல ஒட்டோ போக்கஸும் போயிரும். 56 மாட்டியிருந்தா பொண்ணோட மூக்குத்தி மட்டும்தான் பிரேமுக்குள்ள வரும். ஃபுல் எச்டியிலயே எடுங்க.

#18 · உப்புக்காத்து

எல்லாருக்கும் நன்றி. தங்கச்சி என்னைப் பாக்காமலே அளந்து வச்சிருக்கிறா. ஞாயிறு அந்த 56ஐப் போய்ப் பாக்கிறன். டோர்ச்சோடதான்.

#19 · உப்புக்காத்து

பாத்திட்டு வந்திட்டன்.

பம்பலப்பிட்டியில ஒரு தேத்தண்ணிக் கடையில சந்திச்சனாங்கள். நல்ல மனுசன், பெட்டி, பில், மூடி எல்லாம் வச்சிருக்கிறார். வெளியால பாத்தா ஒரு கீறல் இல்லை. என்ட கமராவில போட்டு எடுத்தன், போக்கஸ் டக்கெண்டு பிடிக்குது. உண்மையைச் சொன்னா அந்த நேரமே காசை எடுத்திட்டன். பிறகு நானாவின்ட ஞாபகம் வந்து கழட்டி டோர்ச் அடிச்சுச் சாய்ச்சுப் பாத்தன். முன்னுக்கிருந்து ரெண்டாவதோ மூண்டாவதோ கண்ணாடியின்ட ஓரத்தில கெளை விட்டு நூல்மாதிரி. சின்னதுதான், அரைவாசி நகம் அளவு. அவருக்குக் காட்ட, "அது தூசி தம்பி" எண்டார். சாய்ச்சுக் காட்டினன். மனுசன் பேசாம இருந்தார். அவருக்கே தெரியாது எண்டுதான் நினைக்கிறன். விலையைக் குறைக்கிறன் எண்டார். நான் தேத்தண்ணிக்குக் காசு குடுத்திட்டு வந்திட்டன்.

#20 · திருகாணி

நல்ல வேலை செஞ்சீங்க. குறைக்கிற காசு எனக்குத்தான் வந்து சேரும், அப்புறமும் திரும்பி வராது எண்டு என்னால சொல்ல ஏலாது. அவர எங்கிட்ட வரச் சொல்லுங்க, பாத்துக் குடுக்கிறேன்.

#21 · பழைய லீக்கா ஆசை

தம்பி, என்னிடம் கெனன் அடப்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. எம்3 கமரா இருந்த காலத்தது. கலியாணம் முடியும்வரை கொண்டுபோய்ப் பாவியுங்கள். 50 எஃப்1.8 மட்டும் தேடி எடுங்கள்.

#22 · உப்புக்காத்து

கலியாணம் போன புதன் முடிஞ்சுது. சொன்னபடி எழுதுறன்.

ஐயாவின்ட அடப்டர், வேலையிடத்து நண்பர் ஒராளிட்ட இருந்து பாவிச்ச 50 எஃப்1.8. நானா சொன்ன பரீட்சை எல்லாம் பாஸ். தாலி கட்டேக்கை நாலு மீற்றர் தள்ளி, தூணோட சாய்ஞ்சு நிண்டனான். மச்சாளின்ட முகம், அறுகரிசி போடுற கையெல்லாம் பின்னால கரைஞ்சு போய், அப்பிடி ஒரு படம் நான் இதுக்கு முதல் எடுத்ததில்லை. போக்கஸ் சில இடத்தில முன்னும் பின்னும் போய் வந்துதான் பிடிச்சது, முக்கியமா கற்பூரம் கொளுத்தி வெளிச்சம் மாறேக்கை. ஒரு பத்துப் படம் அதால போச்சு. ஐஎஸ்ஓ 3200க்கு மேல போகவும் வேண்டி வந்தது. 56 இருந்திருந்தா எண்டு நினைச்சனான், பொய் சொல்லேல்லை.

ஆனா வீட்ட வந்து தெரிவு செய்யேக்கைதான் பாத்தன், ஆக்கள் கேட்டு வாங்கின படத்தில பாதிக்கு மேல 22இல எடுத்தது. பந்தியில சாப்பிடுறது, சின்னப்பிள்ளையள் மேசைக்குக் கீழ ஒளிக்கிறது. மாமியின்ட படமும் அதிலதான்.

ஐயா, அடப்டரைச் சனிக்கிழமை கொண்டு வந்து தரவோ, இல்லாட்டி விக்கிற எண்ணம் இருந்தா விலை சொல்லுங்கோ. தீபாவளிக்கு முதல் இன்னொரு எழுத்து வந்திருக்கு.

#23 · பழைய லீக்கா ஆசை

சனிக்கிழமை வாருங்கள். விலை பிறகு பேசுவோம். அந்தத் தூணோரத்துப் படத்தைப் பெரிதாகப் பிரின்ட் போட்டுக் கொண்டு வாருங்கள், போனில் காட்ட வேண்டாம்.